பத்து நாள், ஒரு கீறலும் இல்லாமல்

மே 4, ஞாயிறு
ஓட்டல், அறை 412

அண்ணிக்கு,

வணக்கம். நானும் என் பிள்ளை பட்டாணியும் நல்லபடியாக வந்து சேர்ந்தோம். உங்கள் நலத்தை நான் விசாரிக்கவில்லை. கோபமாக இருக்கிறவர்கள் எப்போதும் தெம்பாகத்தான் இருப்பார்கள்.

போனில் பேசாமல் இதென்ன எழுத்து என்று கேட்பீர்கள். போனில் நான் "அண்ணி" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் நீங்கள் பேசி முடித்து வைத்துவிடுவீர்கள். எழுத்தில் அது நடக்காது, முடிகிறவரை கேட்டுத்தான் ஆகவேண்டும். மேசையில் ஓட்டல்காரர்களின் தாளும் பேனாவும் சும்மா கிடக்கின்றன. எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். நீங்களும் அப்படியே அனுப்புங்கள். வார்டன் அதிகாரத்தில் விடுதிப் பெண்களிடமிருந்து பறித்து வைத்த போன்கள் உங்கள் அலமாரி நிறைய இருக்கின்றன, படம் பிடிக்கவா வழியில்லை?

உங்கள் தம்பி கடைசி வாரத்தில் வந்து, "கம்பெனியில மீட்டிங், லீவு இல்லன்னுட்டாங்க, டூரை கேன்சல் பண்ணிடு" என்றார். கேன்சல் செய்தேன், அவருடைய சீட்டை மட்டும். அன்றிலிருந்து வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் ஒரே பாட்டுதான். "ஆம்பளைத் துணை இல்லாம, நாலரை வயசுப் பிள்ளையை இழுத்துக்கிட்டு, முன்னப்பின்ன தெரியாத கூட்டத்தோட வெளிநாடா?" கூட்டத்தில் என்னையும் பட்டாணியையும் சேர்த்து முப்பத்தெட்டுப் பேர். யாரும் எங்களைக் கடித்துத் தின்னவில்லை.

நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாகக் கிளம்பினேன் என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறீர்கள். பள்ளி திறந்ததும் பட்டாணி உங்கள் விடுதிக் குவார்ட்டர்ஸில் தங்கிப் படிப்பாள், எங்களிடம் லீவுக்கு வருவாள் என்று முடிவாகியிருக்கிறது. முடிவு செய்தவர்கள் அக்காவும் தம்பியும். பெற்றவள் அந்த நேரத்தில் ஆஸ்பத்திரி லேபில் உட்கார்ந்து, வரிசையில் வந்தவர்களுக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குக் காலை ஆறு மணி ஷிப்ட், உங்கள் தம்பி மாதத்தில் பாதி நாள் ஊர் ஊராக மருந்து விற்கப் போகிறவர் என்பதெல்லாம் சொல்லப்பட்ட காரணங்கள். உண்மையான காரணம், துணிக்கடையில் அந்த இருபது நிமிஷம். பிள்ளை தொங்கவிட்ட புடவைகளுக்குள் ஒளிந்துகொண்டாள், நான் தேடினேன், கடை மைக்கில் அறிவித்தார்கள், நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். அன்றோடு நான் பிள்ளை வளர்க்கத் தெரியாதவள் ஆகிவிட்டேன்.

ஆகவே ஒரு பந்தயம். பத்து நாள். நான் ஒருத்தியாக அவளைக் கூட்டிக்கொண்டு போய், ஒரு கீறலும் இல்லாமல் திரும்பக் கொண்டுவருகிறேன். கொண்டுவந்துவிட்டால் அந்தப் பேச்சை இரண்டு பேரும் விட்டுவிட வேண்டும். கீறல் விழுந்தால் நானே அவள் பெட்டியைக் கட்டித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி
(பட்டாணி இங்கே லிஃப்டைக் கண்டுபிடித்துவிட்டாள். பதினொரு தடவை ஏறி இறங்கியாயிற்று.)

மே 5, திங்கள்
விடுதி அலுவலகம்

அம்மாடி,

உன் கடிதம் கிடைத்தது. கடைநிலை ஊழியர் முதல் கணக்குப் பிரிவு வரை எல்லாரும் படித்த பிறகு கிடைத்தது, ஏனென்றால் அலுவலகப் போனுக்கு அனுப்பியிருக்கிறாய். இனி என் நம்பருக்கு அனுப்பு. மானம் எனக்கும் உண்டு.

பந்தயம் ஒப்புக்கொண்டேன். நானும் வார்த்தை மாறமாட்டேன், நீயும் மாறாதே.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நாலரை வயதுப் பிள்ளைக்கு மலையும் ஏரியும் எதற்கு? திரும்பி வந்தால் ஒன்றாவது அவளுக்கு ஞாபகம் இருக்குமா? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று சும்மாவா சொன்னார்கள்? உன் வீம்புக்கு அந்தச் சின்ன உயிரைக் குளிரில் அலைக்கழிக்கிறாய். போனது போகட்டும். காதை மூடித் தொப்பி போடு. குழாய்த் தண்ணீர் கொடுக்காதே. யார் மிட்டாய் கொடுத்தாலும் வாங்கக் கூடாது என்று சொல்லி வை. படகு என்று எதிலாவது ஏற்றினால் கையை விடாதே.

நான் அவளைப் பறித்துக்கொள்ளப் பார்க்கிறேன் என்கிற மாதிரி எழுதியிருக்கிறாய். நூற்றெண்பத்திரண்டு பெண்களைக் காலையும் மாலையும் எண்ணி உள்ளே விடுகிறவள் நான். எனக்குப் பிள்ளைப் பஞ்சம் இல்லை. அவளுக்கென்று கிழக்குப் பக்கத்து அறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. ஜன்னலுக்குக் கம்பிவலை போட்டாகிவிட்டது. குட்டையாக ஒரு கட்டிலும் செய்யச் சொல்லியிருக்கிறேன். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அண்ணி

மே 7, புதன்
இரண்டாவது ஓட்டல், அறை 9

அண்ணிக்கு,

கழுதை இப்போது கட்டிலில் குப்புறப் படுத்துத் தூங்குகிறது. கற்பூரத்தை நன்றாகவே மோந்து பார்த்தது. ஞாபகம் இருக்குமா என்று கேட்டீர்களே, போன மாதம் நீங்கள் சாப்பிட்ட சாப்பாடு எல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? அதற்காகச் சாப்பிடாமலா இருந்தீர்கள்?

நேற்று ஒரு பெரிய அருங்காட்சியகம். முப்பத்தேழு பேரும் அண்ணாந்து சுவரைப் பார்த்தார்கள். பட்டாணி மட்டும் தரையில் உட்கார்ந்து, வெப்பக்காற்று வருகிற இரும்புச் சல்லடைக்குமேல் கையை வைத்துக்கொண்டு, "அம்மா, இங்க தரை மூச்சு விடுது" என்றாள். நானும் உட்கார்ந்து கை வைத்துப் பார்த்தேன். விட்டது.

எங்கள் டூர் மேனேஜர் ஒரு மஞ்சள் குடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பார், மழை வந்தாலும் விரிக்க மாட்டார். பஸ் கிளம்புமுன் தலையெண்ணுவது அவருக்கு அலுப்பு. ஆளுக்கு ஒரு எண் கொடுத்திருக்கிறார், வரிசையாக நாங்களே சத்தமாகச் சொல்லவேண்டும். நான் இருபத்திரண்டு, அவள் இருபத்திமூன்று. நான் தள்ளுவண்டியை மடக்கி, பையைத் திணித்து, மூச்சு வாங்கி நிமிர்வதற்குள் என் முறை வந்துவிடும். அதனால் பட்டாணியே "இருபத்திரெண்டு! இருபத்திமூணு!" என்று எனக்கும் சேர்த்துக் கத்திவிடுகிறாள். பஸ்ஸே சிரிக்கிறது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

எல்லாரும் சிரிப்பதில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். பக்கத்து சீட்டில் ஒரு பல் டாக்டரின் மனைவி. பிள்ளை இருமினால் முகத்தை மூடுகிறார், பாடினால் காதை மூடுகிறார். இன்று காலை எல்லார் முன்னாலும் மேனேஜரிடம் சொன்னார், "இன்னிக்கு ஏரிக்கு வராம அந்தம்மாவும் பிள்ளையும் ஓட்டல்லயே இருக்கலாமே. நாங்களும் நிம்மதியாப் பார்த்துட்டு வருவோம்." மேனேஜர் என் முகத்தைப் பார்த்துக் குடையைச் சுழற்றினார். நான் எழுந்து நின்று, "உங்க சீட்டுக்கு என்ன டிக்கெட்டோ அதே டிக்கெட்டுதாங்க அவ சீட்டுக்கும். நிம்மதி வேணும்னா நீங்க இருங்க ஓட்டல்ல" என்றேன். பின் சீட்டில் யாரோ கை தட்டினார்கள். ஏரிக்குப் போனோம். படகில் ஏறினோம். கையை விடவில்லை.

மூன்று நாள் முடிந்தது. கீறல் பூஜ்யம்.

இப்படிக்கு,
இருபத்திரண்டு

மே 8, வியாழன்
விடுதி அலுவலகம்

அம்மாடி,

பூஜ்யம் என்று பீற்றிக்கொள்ளாதே. படகில் பிள்ளைக்கு ஸ்வெட்டர் போடவில்லையாமே? இறங்கும்போது மூன்று தரம் தும்மினாளாமே? சாப்பாட்டு மேசையில் நீ பாட்டுக்குச் சாப்பிட, அவள் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்திருந்தாளாமே? பெரியவர்களை எதிர்த்துப் பேசினதை மட்டும் வீரமாக எழுதத் தெரிகிறது.

கட்டில் வந்துவிட்டது. மூலைகளை வழவழப்பாக இழைத்திருக்கிறான் ஆசாரி. நானே தடவிப் பார்த்தேன்.

அண்ணி

மே 9, வெள்ளி
மூன்றாவது ஓட்டல், அறை 230

அண்ணிக்கு,

ஓஹோ. பல் டாக்டர் வீட்டுப் பெண் உங்கள் விடுதியில்தானே படிக்கிறாள்! புறப்படும் முன்பே ஆள் வைத்துவிட்டீர்கள். நான் ஒரு மடச்சி, ஸ்வெட்டர் விஷயத்தைப் படித்த பிறகுதான் விளங்கியது.

நல்லது. ஆனால் இன்று நடந்ததை அவர் எழுதி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாம். நானே எழுதுகிறேன்.

நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு இடத்தில் பஸ்ஸை நிறுத்தினார்கள். ஒரு பெட்ரோல் பங்க், ஒரு கடை, கழிப்பறை, அவ்வளவுதான். பட்டாணியைக் கூட்டிப்போய் வந்து, சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் போட்ட பிறகுதான் பார்த்தேன். இடது காலில் செருப்பில்லை. கழிப்பறையில் விழுந்திருக்கும். பல் டாக்டர் மனைவியிடம், "ரெண்டே நிமிஷம், பிள்ளையைப் பார்த்துக்குங்க" என்றேன். அவர் கண்ணுக்குக் கறுப்புத் துணி கட்டிச் சாய்ந்திருந்தார். "ம்" என்றார். எனக்கா சொன்னார், தூக்கத்தில் சொன்னாரா என்று நின்று பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. போனை சீட் பைக்குள்ளேயே விட்டுவிட்டு ஓடினேன்.

செருப்பைத் துப்புரவு செய்கிற அம்மாள் எடுத்துக் கைகழுவும் இடத்தில் வைத்திருந்தார். எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பஸ் நின்ற இடத்தில் பஸ் இல்லை.

அண்ணி, அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்வேன்? கையில் உள்ளங்கை அளவு செருப்பு, எதிரே காலி இடம். சாலையில் எது போனாலும் அதன் பின்னால் ஓடப் பார்த்தேன். அழவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். வாய்விட்டு அழுதேன், அந்த அம்மாள் வந்து தோளைப் பிடிக்கிறவரை. அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. செருப்பைக் காட்டினேன், சாலையைக் காட்டினேன். கழுத்தில் தொங்கிய டூர் அட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். அதில் இருந்த நம்பரைத் தன் போனில் போட்டு என் காதில் வைத்தார்.

மேனேஜர் எடுத்தார். "நான் இருபத்திரெண்டு பேசுறேன்" என்றேன். "மேடம், என்ன வேணும்? பஸ்ஸுலதானே இருக்கீங்க?"

"இல்லய்யா! என்னை விட்டுட்டுப் போயிட்டீங்க!"

"இருபத்திரெண்டு சொன்னீங்களே!"

"சொன்னது நான் இல்ல!"

புரிகிறதா அண்ணி? வழக்கம்போல அவள்தான் இரண்டையும் சொல்லியிருக்கிறாள். குடைக்காரர் வழக்கம்போல டிக் போட்டுவிட்டார். எல்லாரும் வழக்கம்போலச் சிரித்திருக்கிறார்கள். இத்தனை நாள் நானும்தான் சிரித்து அதை வளர்த்துவிட்டேன்.

போனுக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டது. "நிறுத்துங்க! எங்கம்மா ஏறல! நிறுத்துங்க!" நான் கூப்பிட்டது தெரியாமல், அதே நேரத்தில் அவளாகவே பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு, சீட்டுக்குச் சீட்டு பிடித்துப் பிடித்து டிரைவரிடம் போயிருக்கிறாள். ஒற்றைக் காலில் செருப்போடு. பக்கத்து சீட்டுக்காரர் அவள் கத்தின பிறகுதான் கண்ணைத் திறந்தாராம்.

அந்தச் சாலையில் நினைத்த இடத்தில் திருப்ப முடியாது. நாற்பத்தேழு நிமிஷம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அந்த அம்மாள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்கார வைத்து, தன் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். எனக்கு அவர் பேர்கூடத் தெரியாது.

பஸ் வந்தது. படியில் நின்றுகொண்டு என் மகள் என்னைத் திட்டினாள். "எங்கம்மா போன? நான் உனக்கும் சேர்த்துதானே சொன்னேன், நீ ஏன் வரல?" தூக்கிக்கொண்டேன். அப்போதுதான் அழுதாள்.

பல் டாக்டர் மனைவி ஆரம்பித்தார், "இதுக்குத்தான் அன்னிக்கே சொன்னேன், பிள்ளையை ரூம்ல விட்டுட்டு வரணும்னு." நான் சொன்னேன், "பிள்ளை பஸ்ஸுலதாங்க இருந்தா. தொலைஞ்சது நான்தான். நாளைக்கு என்னை ரூம்ல பூட்டிட்டு அவளைக் கூட்டிட்டுப் போங்க."

இவ்வளவுதான் நடந்தது. இதில் ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. போனைக் கையில் எடுத்துப் போயிருக்க வேண்டும். தூங்குகிறவரிடம் பிள்ளையை ஒப்படைத்திருக்கக் கூடாது. என் தப்பு, என் தலையில்.

இப்போது பந்தயம். நான் தோற்றுவிட்டேன் என்று நீங்கள் சொல்லலாம். உங்கள் தம்பி போனில் அதைத்தான் சொன்னார். "போதும், நீ நிரூபிச்சது போதும். ஏர்போர்ட்டுக்கு வண்டி எடுத்துட்டு வரேன், நேரா அக்கா வீட்டுல விட்டுடலாம்" என்றார். நான் அந்தப் பந்தயத்தைக் கிழித்துப் போடுகிறேன் அண்ணி. வார்த்தை தவறினவள் என்று ஊரெல்லாம் சொல்லுங்கள். என் பிள்ளையைப் பந்தயத்தில் வைத்ததுதான் நான் செய்த பெரிய தப்பு, அதற்கு முன்னால் செருப்புத் தப்பெல்லாம் தூசு. ஒரு கீறலும் விழாமல் பிள்ளை வளர்த்தவள் எந்த ஊரில் இருக்கிறாள்? காட்டுங்கள், காலில் விழுகிறேன். உங்கள் தம்பிக்கு யாராவது பரீட்சை வைத்தார்களா? மீட்டிங் என்று அவர் இருந்துகொண்டார், அவர் அப்பா இல்லை என்று யாரும் சொல்லவில்லையே!

பட்டாணி என்னோடுதான் இருப்பாள். ஆறு மணி ஷிப்டோ, பாதி மாதமோ, நான் எப்படியோ பார்த்துக்கொள்கிறேன். கட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் மனம் நோகும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

அவள் அம்மா

மே 11, ஞாயிறு
குவார்ட்டர்ஸ்

அம்மாடி,

இரண்டு நாள் பதில் எழுதவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். முதல் நாள் கோபம்தான். "கட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய்! நன்றாக வலித்தது. அதை ஒளிக்க மாட்டேன்.

உன் கடிதம் வந்து ஒரு மணி நேரம் கழித்துப் பல் டாக்டர் வீட்டு அம்மாளின் செய்தி வந்தது. நீ கடையில் சாமான் பார்த்துக்கொண்டு நின்றதாகவும், பிள்ளையைத் தான்தான் சமாதானப்படுத்தி வைத்திருந்ததாகவும் எழுதியிருக்கிறாள். பன்னிரண்டு வருஷமாக விடுதியில் பொய் கேட்டுக் கேட்டுக் காது காய்த்துப் போனவள் நான். எது பொய் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டாம். இனிமேல் வேவு பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேவு பார்க்கச் சொன்னது என் அற்பத்தனம்.

இப்போது உனக்கு ஒன்று சொல்கிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் புருஷனிடமும் சொன்னதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த மறுவருஷம். மழைக்காலம். மாலை ஆறு மணிக்கு வருகைப் பதிவேட்டில் எல்லாரும் உள்ளே என்று கையெழுத்துப் போட்டேன், மொட்டைமாடிக் கதவைப் பூட்டினேன். துணி எடுக்கப் போன ஒருத்தி மாடியிலேயே மாட்டிக்கொண்டாள். கத்தியிருக்கிறாள், மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்து, அவள் தட்டு காலியாகக் கிடந்ததைப் பார்த்துத்தான் எனக்குச் சுரீர் என்றது. மேலே போய்த் திறந்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம். நான் அவளுக்குத் தலை துவட்டி, என் போர்வையைப் போர்த்தி, "யாருகிட்டயும் சொல்லிடாதம்மா" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அவள் சொல்லவில்லை. பதிவேட்டில் என் கையெழுத்து இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

என்னிடமிருந்து யாரும் பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. இன்னும் நூற்றெண்பத்திரண்டு பேரை என்னை நம்பித்தான் விட்டிருக்கிறார்கள். நீ உன் தப்பை அன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாய். அதுவும் யாருக்கு? உன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் காத்திருந்தவளுக்கு. பதினோரு வருஷமாக எனக்கு வராத தைரியம் அது. துணிக்கடையில் எல்லார் முன்னாலும் "பெத்துட்டா மட்டும் போதுமா" என்று உன்னைக் கேட்டேனே, அந்த வாயை இன்றைக்கு எங்கே கொண்டு வைப்பது?

தம்பியைக் கூப்பிட்டுப் பேசினேன். ஏர்போர்ட்டிலிருந்து வண்டி நேராக உங்கள் வீட்டுக்குத்தான் போக வேண்டும், இங்கே வந்தால் கதவைத் திறக்கமாட்டேன் என்றேன். "அக்கா, நீயே இப்படிச் சொன்னா அவ தலைகால் தெரியாம ஆடுவாளே" என்றான். "ஆடட்டும்டா. நீ வேடிக்கை பாரு" என்றேன். அவன் ஊரில் இருக்கிற பாதி மாதம் பிள்ளையை எழுப்பிக் குளிப்பாட்டிப் பள்ளியில் விடுவது அவன் வேலை. "எனக்குத் தலை பின்ன வராதே" என்றான். கற்றுக்கொள்ளச் சொன்னேன்.

மீதிப் பாதி மாதம் பாக்கி இருக்கிறது. நீ ஐந்தரைக்குக் கிளம்புகிறாய். பள்ளி எட்டரைக்கு. இடையில் மூன்று மணி நேரம். பிள்ளை இடம் மாற வேண்டாம், நான் வருகிறேன். காலை நேரத்துக்கு விடுதியை உதவி வார்டன் பார்த்துக்கொள்வாள், அவளுக்கும் அதிகாரம் பண்ண ஆசைதான். முதல் பஸ்ஸில் ஏறினால் நீ புறப்படுவதற்குள் வந்துவிடலாம், நேற்று ஏறி இறங்கிப் பார்த்துவிட்டேன். கட்டிலைத் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை, அதைப் பற்றிப் பேசாதே.

உன் சமையலறையில் எதையும் இடம் மாற்றமாட்டேன். மாற்றத் தோன்றும், அடக்கிக்கொள்வேன்.

கதவைத் தட்டினால் பிள்ளை விழித்துக்கொள்வாள். அதனால் உங்கள் வீட்டுச் சாவி எனக்கும் ஒன்று வேண்டும். உத்தரவு போடவில்லை, கேட்கிறேன். தருவாயா?

அண்ணி